பாலத்தில் நீட்டிய கை

பெண்ணாடத்தில் அம்மா வீட்டில் இருக்கும் உனக்கு,

பொங்கல் ஓட்டப் பந்தயத்தில் இந்த வருஷமும் ஓடினேன். சென்னை மாரத்தானுக்குப் பயிற்சியாக இருக்கட்டுமே என்று பெயர் கொடுத்தேன். பீங்கான் சூளைகளைத் தாண்டும்வரை நான்தான் முதல்.

மணிமுத்தாற்றுப் பாலத்தில், வருஷா வருஷம் நீ குளுக்கோஸ் டம்ளரோடு நிற்கும் இடத்தில், பார்க்காமலேயே கையை நீட்டிவிட்டேன்.

அங்கே நின்ற பூக்கார அம்மா, "கொழந்த போனதுலேர்ந்து அவங்க அம்மா வூட்லயே இருக்காங்களா தம்பி?" என்றார். அதன் பிறகு கால் நகரவில்லை.

எல்லோரிடமும் தசை பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

தூளி கட்டிய உன் புடவை இன்னும் உத்தரத்தில்தான் தொங்குகிறது. தினமும் முடிச்சில் கை வைக்கிறேன், அவிழ்க்க முடியவில்லை. ஒருநாள் வந்து, நீ ஒரு முனையைப் பிடித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்