சின்னவனுக்கு எழுதிக் கொடுத்த அனுபவச் சான்று

என் செல்லச் சின்னவனுக்கு,

இங்கே அப்பா, அக்கா, நான், நம் சலவைக்கடை இயந்திரங்கள் உட்பட எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். ஒரு வருட விசா கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் அப்பா வரைபடத்தை மேசைமேல் விரித்துவிட்டார். உன் தீவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளிதான் இருந்தது. ஈ எச்சமோ என்று விரலை நனைத்துத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை, அப்புறம்தான் நம்பினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மகன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான் என்கிறார். துணி துவைக்கிற வேலை என்று நான்தான் பின்னாலேயே போய்ச் சொல்கிறேன், அதில் என்ன குறைச்சல், இந்த வீடே சலவையில் எழும்பியதுதானே.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும், போனில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு தீவில் ஒரு மாதம், இன்னொன்றில் மூன்று மாதம் என்று சுற்றுலா விசாவிலேயே இரண்டு வருடம் தாவிக்கொண்டிருந்தாய். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது, பார்த்தால் அனுப்பிவிடுவார்கள் என்று நீ சொல்லும்போதெல்லாம், சரி, சுற்றிச் சலித்ததும் தானாக வந்துவிடுவான் என்று நான் சும்மா இருந்தேன். கடைசியில், அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள் ஓட்ட ஆளில்லாமல் கிடக்கின்றன, உள்ளூரில் வேலை தெரிந்தவர் இல்லாததால் வெளியாளுக்கு வருட விசா கொடுப்பார்களாம், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நோட்டரி முத்திரையோடு அனுபவச் சான்று வேண்டும் என்றாய். நீ வேலை பார்த்த ஒரே இடம் நம் கடை, முதலாளி நான். உன் விசா முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று மாலையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன், ஆனால் அனுப்பவில்லை. பொத்தான் டப்பா வைக்கும் இழுப்பறையில் அடியில் சொருகிவிட்டேன். நோட்டரி ஊரில் இல்லை என்று உன்னிடம் சொன்னது பொய். அவர் கடைக்கு எதிர் மாடியில்தான் உட்கார்ந்திருந்தார். சான்று போகாவிட்டால் விசா முடியும், நீ வந்து சேருவாய், அவ்வளவுதான் என் எண்ணம். ஆனால் அந்த ஐந்து நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா பொத்தான் தேடப் போய்ப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் வந்துடுவாம்மா, வந்து கடையிலயும் நிப்பான். தினமும் அவன் மூஞ்சியப் பார்க்கும்போது இந்தப் பேப்பர் உனக்கு ஞாபகம் வராதா?" என்று மட்டும் கேட்டாள். அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் மாடி ஏறினேன். நோட்டரி படித்துவிட்டுச் சிரித்தார். ஆறு வருடம் வேலை பார்த்தான், காலையில் நேரத்துக்கு வந்த நாளை விரல்விட்டு எண்ணலாம், ஆனால் ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை, ரத்தக்கறை எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். நேரத்துக்கு வராத சமாசாரத்தை எடுத்துவிடலாமே என்றார். சொந்தப் பிள்ளைக்குப் பொய்ச் சான்று தரமாட்டேன் என்றேன். ஐந்து நாள் பொய் சொன்னவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றே அக்கா மெயிலில் அனுப்பினாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அங்கிருந்து குடிவரவு அலுவலகத்து அம்மாள் கடைக்கே போன் செய்தாள். அக்கா நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். சான்று நிஜம்தானா, உள்ளூர் ஆட்களுக்கும் வேலை கற்றுக்கொடுப்பானா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, இவன் திரும்பி வந்தால் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்றாள். எல்லோரையும் கேட்கிற கேள்விதானாம். "இந்த நிமிஷமே எடுத்துப்பேன். அதனால நான் மனசு மாறுறதுக்குள்ள நீங்க முத்திரையைக் குத்திடுங்கம்மா" என்றேன். அக்கா அதை அப்படியே சொன்னாள். அந்த அம்மாள், தன் மகளும் கடல் தாண்டித்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தாளாம்.

இப்போது மனசு லேசாக இருக்கிறது, இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறேன், அக்காகூடக் கேலி செய்கிறாள். உப்புக்காற்று பொல்லாதது, இயந்திரக் கதவின் ரப்பரைத் தினமும் ஈரம் போகத் துடை. ரத்தம் பட்ட துணியை யாரும் முதலில் வெந்நீரில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். நேரத்துக்கு எழுந்திரு, அங்கே உனக்காகக் கதவு திறக்க அம்மா இல்லை.

நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு வேண்டியவனாக, தலை நிமிர்ந்து நன்றாக இருப்பாய். விசா புதுப்பிக்க இரண்டு மாதம் முன்பே மனு கொடு, கடைசி நாள் வரை இழுக்காதே. அப்படியே அந்த அலுவலகத்து அம்மாளிடம், மகனைப் பார்க்க வருகிற தாய்க்கு எத்தனை நாள் விசா என்று கேட்டு எழுது. பாஸ்போர்ட்டுக்கு நேற்று போட்டோ எடுத்தேன், கண்ணை மூடிவிட்டேனாம், நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா