கரித்தூள் போடாத பை

மாப்ளே,

உன் துண்டு கிடைத்துவிட்டது.

பழைய மர ரேக்கை எடுத்துவிட்டு இரும்பு ரேக் போடப் போகிறார்கள் என்று இன்று காலை கடையின் பின்கட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். மேல் தட்டில், கிழிந்த பூட்ஸுகளுக்குப் பின்னால், நம் காற்றுப் புகாத பச்சை ஜிப் பை ஒன்று தூசி படிந்து கிடந்தது. பெயர்ச் சீட்டு இல்லை. எந்தக் கஸ்டமர் விட்டுப்போனானோ என்று திட்டிக்கொண்டே எடுத்து, ஓரத்துப் பிளாஸ்டிக் வழியாக உள்ளே பார்த்தேன். காவிக் கட்டம் போட்ட துண்டு. அதை அதற்குள் திணித்தவன் நான்தான் என்பது ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆனது. வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் திறக்கவில்லை. நம் ரூமில், என் கட்டிலில், பையை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நம் வேலையை ஊரில் யாரிடம் சொன்னாலும் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். முதல் மாதம், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டிக்கு நீ போனில் விளக்கியது அப்படியே காதில் இருக்கிறது. "மான் வேட்டைக்கிப் போறவுக துணிமணி, பூட்ஸு, பை எல்லாத்தையும் தொவைச்சுக் குடுக்கணும். அழுக்குப் போனாப் பத்தாது, வாடையும் போவணும். மான் கண்ணால பாக்குறதுக்கு முந்தி மூக்கால பாத்துரும்ல." அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்க, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பாலைவனத்துல ஏது மானுங்குறா மாப்ளே!" நியாயமான கேள்விதான். இங்கே சுட விடமாட்டார்கள், குளிர் தேசத்துக்குப் பறந்துபோய்ச் சுடுகிற பணக்காரர்கள்தான் நம் கஸ்டமர்கள் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் உன் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

அந்த உடுப்புகள் நம்மைப் படுத்திய பாடு! இந்த ஊரில் வீட்டுக்கு வீடு சாம்பிராணி போடுகிற மாதிரி பக்கூர் புகை போடுகிறார்கள். வேட்டை உடுப்பும் அதே அலமாரியில்தான் தொங்கும். ரத்தக் கறையைக்கூட எடுத்துவிடலாம், பக்கூரை எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். முதலில், முந்தின துணியின் வாடை போக, மெஷினை வெறுமனே ஒரு தடவை ஓடவிட வேண்டும். அப்புறம் வாசனையில்லாத சோப்பு, மூன்று அலசல். வெளியே காயப்போட்டால் அல் குசைஸ் லாரிப் புகையும் பக்கத்து ஹோட்டல் தாளிப்பும் ஏறிவிடும் என்று அடைத்த அறையில் ஃபேன் காற்றில் காயவைப்போம். காய்ந்ததும் பையில் வைத்து, மிச்சம் மீதி வாடையைக் குடிப்பதற்கு ஒரு கரித்தூள் பொட்டலமும் போட்டு ஜிப்பை மூடுவோம். கடைசியாக முதலாளி அர்பாப் வந்து ஒரு பையைத் திறந்து மூக்கை விடுவார். "ரீஹா?" என்பார், வாசனை இருக்கிறதா என்று. "மாஃபி அர்பாப், இல்லை" என்போம் இருவரும். "கலாஸ்" என்று, வேலை முடிந்ததென்கிற தோரணையில் முதுகில் தட்டிவிட்டுப் போவார். அவர் போன பிறகு அரை மணி நேரத்துக்கு அறை முழுக்க அத்தர் மணக்கும். "இந்த மூக்குக்கு என்னத்தடா தெரியும்" என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

நமக்கும் சட்டம் இருந்தது. தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, பீடி கூடாது, டூட்டிக்கு வருமுன் வெங்காயம் கூடாது. லீவு நாளில் நீ தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்குத்தான் மாப்ளே நான் மனுசன்" என்பாய். வேலைக்கு நடுவே ஒருநாள், ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நாம தொவைக்கிறது துணிய இல்ல, ஆளை. இதுக்குள்ள ஒருத்தன் இருந்தான்னே தெரியாம ஆக்கி விடுறோம்." நான், "வேதாந்தம் பேசாம அலசுடா" என்றேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

அந்தக் கோபத்தில்தான் இந்தத் துண்டு பைக்குள் போனது. அர்பாபின் கூட்டாளிகள் ஆறு பேர் மறுநாள் விமானம் ஏறுகிறார்கள், ஆறு செட்டும் அன்றே போக வேண்டும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் தைல வாடை குப்பென்று அடிக்கிறது. நீ இந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாய்.

"நேத்துலருந்து எடது தோளு விட்டுப்போவுது மாப்ளே. லேசாத்தான் தடவுனேன்."

"லேசாவா? தெருமுனை வரைக்கும் நாறுது. ரெண்டு பேரு வேலையும் போகணுமா ஒனக்கு? அறிவுகெட்டவனே!"

துண்டை உருவினேன். கைக்குக் கிடைத்த பையில் திணித்து, ஜிப்பை இழுத்து, ரேக்கின் உச்சிக்கு விட்டெறிந்தேன். நீ ஒன்றும் பேசாமல் போய் இரண்டு தடவை குளித்துவிட்டு வந்தாய். மதியம் சாப்பிடும்போதுதான், "என் துண்ட எங்கடா போட்ட?" என்று கேட்டாய். "மானுக்கு விருந்துக்கு அனுப்பிட்டேன்" என்றேன். சிரித்துவிட்டாய். உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், பகையை மதியச் சோறு வரைக்கும்கூடத் தாங்கமாட்டாய். அப்புறம் நீ வேறு துண்டு வாங்கிக்கொண்டாய், இதை நாம் இருவருமே மறந்துபோனோம். தைலம் பூசுவதையும் அன்றோடு விட்டுவிட்டாய். வாடை வரவில்லை, அதனால் வலியும் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு லீவு நாள் காலையில், டீக்கடைக்குப் போகச் செருப்பை மாட்டினவன் அப்படியே கதவில் சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். இடது தோள் வலித்ததா முன்னாடி, என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உன்னை ஊருக்கு அனுப்பிய பிறகு உன் சாமான்கள் மிஞ்சின. நம் லேபர் கேம்ப்பில் வழக்கம் உனக்குத் தெரியும், ரூம்காரர்கள்தான் கட்டி அனுப்ப வேண்டும். அழுக்குத் துணியோடு உன்னை வீட்டுக்கு அனுப்புவேனா? ஒன்பது சட்டை, நாலு கைலி, பேண்ட், பனியன், தலையணை உறை, ஒன்று விடாமல் கடைக்கு எடுத்துப்போனேன். மெஷினை வெறுமனே ஓடவிட்டேன். வாசனையில்லாத சோப்பு. மூன்று அலசல் இல்லை மாப்ளே, ஐந்து அலசல். அழுதுகொண்டே காயவைத்து, அழுதுகொண்டே மடித்தேன். கரித்தூளும் போட்டேன். உனக்கு நான் செய்கிற கடைசி மரியாதை என்று நினைத்துக்கொண்டே செய்தேன்.

பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, பொட்டி வந்துச்சு. எல்லாம் புதுசாட்டம் இருக்கு."

"எல்லாம் சரியா வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. துணிய எல்லாம் எரிச்சுரணும்னு பெரியவுக சொன்னாக. ஒத்தச் சட்டைய மட்டும் நான் வச்சுக்கிறேன்னு கெஞ்சி வாங்குனேன். எத எடுக்கன்னு ஒவ்வொண்ணா மோந்து பாத்தேன்ணே." அந்தப் பக்கம் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. "ஒண்ணுலயும் அவுக இல்லண்ணே."

பிறகு அவளே கேட்டாள்.

"தொவைச்சீகளோ?"

"ஆமாம்மா."

"நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீக."

அதற்குப் பதில் என்னைக் காறித் துப்பியிருக்கலாம். ரீஹா? மாஃபி. என் சர்வீசிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் போன் பண்ணவே கூச்சமாகிவிட்டது. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் இரண்டு வார்த்தை பேசுவேன். பாப்பா எப்படியிருக்கா, பள்ளிக்கூடம் போறாளா, அவ்வளவுதான்.

இப்போது சொல், இந்தப் பையைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? முதல் வேலையாக வெளியிலிருந்தே மூலை மூலையாக விரலால் அமுக்கித் தடவினேன். கரித்தூள் பொட்டலம் தட்டுப்படவில்லை. மறுபடி தடவினேன். இல்லவே இல்லை. பொறுமையாக வைத்திருந்தால் பழக்கதோஷத்தில் கரி போட்டிருப்பேன், கரி உன்னை எப்போதோ குடித்திருக்கும். கோபத்தில் மறந்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே. உள்ளே வாசம் இருக்குமா, செத்துப்போயிருக்குமா, தெரியவில்லை. ஜிப்பை ஒரு விரல்கடை இழுத்தால் தெரிந்துவிடும். இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும். பதினோரு வருஷமாக இதே வேலை பார்க்கிறவனுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் வேணும்டா உன் வாசம். சும்மா சொல்லவில்லை. மூன்று தடவை ஜிப்பில் விரலை வைத்து எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டேன். "தங்கச்சி, அவன் துண்டு ஒண்ணு கெடைச்சிருக்கு. தொவைக்காதது."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள். அப்புறம் கேட்டாள், "தொறந்தீகளா?"

"இல்லம்மா."

"தொறக்காதீக." மறுபடி மெதுவாக, "இருக்குமாண்ணே?"

"தெரியலம்மா. இல்லாமலும் போயிருக்கலாம். ஒனக்குப் பொய்யா ஆசை காட்டமாட்டேன். பத்து நாள்ல லீவுல வர்றேன், கையோட கொண்டாந்து தர்றேன்."

மேலே இருப்பதை எழுதி ஒன்றரை மாதம் ஆகிறது. லீவு முடிந்து திரும்பிவிட்டேன். மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஏர்போர்ட்டிலேயே என் உயிர் போய் வந்தது. கைப்பையிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொண்டு, "கோலோ" என்கிறான் செக்கிங்காரன், திற என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "பாய், தோஸ்த் கா கப்டா ஹை. மர் கயா. கர்வாலி கோ தேனா ஹை" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினேன், செத்துப்போன கூட்டாளியின் துணி, அவன் பெண்டாட்டியிடம் கொடுக்க வேண்டும் என்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். பையை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை மெஷினுக்குள் அனுப்பி எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். அவன் பிள்ளைகுட்டி நன்றாயிருக்கட்டும்.

உன் வீட்டுக்கு நான் போனபோது அடுப்பு அணைந்திருந்தது. புகை ஏறும் என்று அன்று காலையில் சமைக்கவே இல்லையாம். நான் சொல்லியிருந்தபடி ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தினாள். உன் பாப்பா கதவோரம் நின்றாள், உன்னைப் போலவே காது. தங்கச்சி கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, நாலு விரல்கடை ஜிப்பை இழுத்து முகத்தை உள்ளே புதைத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் வேண்டிக்கொண்டேன்.

தலையைத் தூக்கினாள். "இருக்காகண்ணே" என்றாள்.

பாப்பா, "எனக்கு, எனக்கு" என்று ஓடிவந்து மூக்கை விட்டாள். உடனே பின்வாங்கி, "ச்சீ, தைலம் நாறுது!" என்றாள். தங்கச்சி சிரித்தாள் மாப்ளே. "ஆமாடி, ஒங்கப்பா அப்பிடித்தான் மணப்பாக" என்று சிரித்துக்கொண்டே இருந்தவள் சிரிப்போடு சிரிப்பாக உடைந்துபோனாள். அழுகையிலும் ஜிப்பை மூட மறக்கவில்லை.

அப்புறம்தான் நான் சொன்னேன். தோள் வலியைப் பற்றி, நான் திட்டியதைப் பற்றி, நீ தைலத்தை விட்டதைப் பற்றி, எல்லாம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டயும் சொன்னாகண்ணே. தைலம் தடவுங்க, சரியாப் போயிரும்னுதான் நானும் சொன்னேன்" என்றாள்.

கிளம்பும்போது பையை என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் ஒருவாட்டி மோந்துக்கங்க."

"வேணாம்மா. தொறக்கத் தொறக்கக் கொறையும். ஒனக்கும் புள்ளைக்கும் வேணும்." பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பஸ் ஏறினதும், ஏண்டா வேண்டாமென்றோம் என்று அழுகை வந்துவிட்டது. இங்கே திரும்பி வந்ததும் தேராக் கடைத்தெருவில் அதே தைலத்தை வாங்கி மோந்து பார்த்தேன். வெறும் தைலம்தான், நீ இல்லை.

உன் கட்டிலில் இப்போது புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன் ஒருவன் இருக்கிறான், நம் கடையில்தான் வேலை, நல்ல பையன். நேற்று லீவு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு என் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். லீவு நாளில் மட்டும் போடுகிறேன், கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுகிறேன். துவைப்பதில்லை. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எனக்கு ஒண்ணுன்னா மத்த துணிய எல்லாம் தொவைச்சு எங்க வீட்டுக்கு அனுப்பு. இத மட்டும் அப்படியே பையில போட்டு ஜிப்ப மூடிரு. கரி போட்றாத."

"நல்ல நாளும் அதுவுமா என்னண்ணே பேச்சு இது?" என்றான். கிட்டே வந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "தொவைக்காமயா? நாறும்ணே."

"நாறட்டும்டா" என்றேன்.