குளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு

இன்று காலை நாம் தண்ணீர் பிடித்துக் குளிக்கும் பீலியடியில் சந்தன சோப்பு மணந்தது. உன் மணம். ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். பார்த்தால், நம் லயத்து வரிசையில் மூன்றாம் காம்பராச் சரசு. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "நெஞ்சு அடைக்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவணும், அதான் குளிச்சிட்டு..." என்றாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சோப்பைப் பிடுங்கி, அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் வீசினேன்.

நீயும் இப்படித்தானே செய்தாய், புள்ள? ரப்பர் மலையில் என்னோடு பால் எடுக்கும்போதே உனக்கு நெஞ்சு வலித்து வேர்த்துக் கொட்டியது. "திரீவீல் வருது, அப்படியே ஏறுடி" என்று கத்தினேன். நீயா கேட்பாய்? "இந்தப் பால் நாத்தத்தோடயா? மூக்கைப் பொத்துவாளுக" என்றாய். முன்னொரு முறை உன் மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உன்னைக் கண்டதும் யாரோ ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டுத் தோட்டத்து ஆட்களைப் பற்றிச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாளாம். எனக்கென்றால் பாதிதான் விளங்கியிருக்கும். உனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, முழுசும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து காய்ச்சலோ வெட்டுக்காயமோ, குளித்து நல்ல சேலை கட்டாமல் நீ அந்த வாசலை மிதித்ததில்லை. நம் லயத்தில் எல்லாருக்குமே அந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. உனக்கு அது வைராக்கியம்.

அன்றைக்கு மஞ்சள் சேலை, பவுடர், பொட்டு. பூ வேறு வைத்தாய், மகராசி! அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தச் சின்ன நர்ஸ் மிஸ் உன்னை ஏற இறங்கப் பார்த்து, ரொம்ப வலிக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே "டிகக், மிஸ்" என்றாய். கொஞ்சம்தானாம்! "பொய் சொல்றா மிஸ்" என்று நான் தமிழில் கத்தியது அவளுக்கு விளங்கவில்லை. விபத்தில் அடிபட்ட இருவர் ரத்தத்தோடு கிடந்தார்கள், அவள் அங்கே ஓடினாள். நீ பெஞ்சில் உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாய். அப்படியே என் தோளில் சாய்ந்தாய்.

பிறகு எல்லாரும் ஓடிவந்தார்கள். மாறி மாறி உன் நெஞ்சை அமுக்கினார்கள். எல்லாம் முடிந்தபின் அந்த மிஸ் சுவரோரம் நின்று அழுதாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லையென்றால் பொய். உன் கையைத் தொட்டு நாடி பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே! உன் மீதும் கோபம்தான், இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரே ஒரு சிங்கள வாக்கியத்தைச் சுத்தமாகப் படித்து வைத்துக்கொண்டேன். "பப்புவ ஹொந்தடம ரிதெனவா." நெஞ்சு பயங்கரமாக வலிக்கிறது. பால் வெட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

சரசுவை இழுத்துத் திரீவீலில் ஏற்றினேன். பால் காய்ந்த சட்டை, வெறுங்கால், பாதி முகத்தில் சோப்பு. வாசலிலிருந்தே அந்த வாக்கியத்தைக் கத்தினேன். உடனே கட்டிலில் ஏற்றினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, புள்ள. ஒரு மிஸ் அவள் கையில் ஒட்டியிருந்த பாலைப் பஞ்சால் துடைத்துவிட்டு ஈ.சி.ஜி. வயரைப் பொருத்தினாள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டொக்டர்.

மத்தியானம் சரசு கண்ணைத் திறந்தாள். "அக்கா, என் கோலத்தைப் பாருங்க. மானம் போவுது."

"அடி போடி, உசுரோட இருக்க. அழகாத்தான் இருக்க" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நோய் எனக்கா அவளுக்கா என்று மிஸ் திரும்பிப் பார்த்தாள். சரசுவிடம் சொன்னது அன்றைக்கே உனக்குச் சொல்ல வேண்டியது, புள்ள.