ஜெயித்தவர் இருக்கை

ஜார்ஜ்டவுன், டெலவேர்
அக்டோபர் 14

அன்புள்ள டார்லீனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைக்காட்சியில் பார்த்தால் இளைத்துத் தெரிகிறாய். ஆளுநர் தேர்தலில் நிற்கிறவர்கள் நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும் என்று சட்டமா என்ன? வில்மிங்டனில் உனக்கு வேளாவேளைக்கு எடுத்துப் போட ஆள் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே சோயா அறுவடை பாதி முடிந்துவிட்டது. மழை ஏமாற்றியதில் காய் சிறுத்துப்போனது. கோழிக் கொட்டகைகளை வசந்தத்திலேயே விற்றுவிட்டேன். ஆயுள் முழுக்க அந்த நாற்றத்தைத் திட்டியவன், இப்போது அது இல்லாமல் தூக்கம் வராமல் புரள்கிறேன். ஃபே இருந்திருந்தால் புருஷனை நன்றாகக் கேலி செய்திருப்பாள்.

முந்தாநாள் உன் பிரசார மேலாளர் பிரென்ட் போன் செய்தான். மரியாதையான பையன்தான். சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான். தேர்தல் முடிவை வாசிக்கிற நம் ஊர் ரிட்டர்ன் டே ஊர்வலத்தில் நாம் இருவரும் குதிரை வண்டியில் உட்கார்ந்து சிரிக்கிற அந்தப் புகைப்படம் வேண்டுமாம். அதோடு நான் காமிரா முன்னால் உட்கார்ந்து, எதிர்க்கட்சிக்காரனாக இருந்தும் இத்தனை வருடமாக உனக்கு நண்பன் என்று சொல்ல வேண்டுமாம். "சார், நீங்க ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். எந்தப் பக்கமும் சாயாம நடுவுல நிக்கிறவங்க ஓட்டு நம்ம பக்கம் வந்துரும். அவங்க இல்லாம இந்த மாநிலத்துல ஜெயிக்க முடியாது" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதிலை அவனிடம் சொல்வதைவிட உன்னிடம் சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

அந்தப் படத்தைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் தலைமுடியைப் பார்த்தால் அந்தக் காலத்துச் சிகையலங்காரக்காரர்களை எல்லாம் உள்ளே தள்ள வேண்டும் போலிருக்கிறது. என் கோட்டும் அப்படியொன்றும் பெருமைப்படும்படி இல்லை.

அந்த வருடம் மாவட்ட கவுன்சிலுக்கு நாம் எதிரெதிராக நின்றோம். அதற்கு முன் நாம் பேசியதே இல்லை. உன் குடியரசுக் கட்சியின் துண்டறிக்கையில் நான் வரியைக் கூட்டிச் சனங்களைக் கொல்லப் பிறந்தவன். எங்கள் ஜனநாயகக் கட்சியின் துண்டறிக்கையில் நீ ஆற்றைக் கோழிக் கம்பெனிக்கு விற்கிறவள். செவ்வாய்க்கிழமை ஓட்டுப்பதிவு முடிந்து வியாழக்கிழமை ரிட்டர்ன் டே வந்த பிறகும் நம் முடிவு மட்டும் வரவில்லை. தபால் ஓட்டுகளை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவர் குதிரையைப் பார்த்தும் தோற்றவர் வந்த வழியைப் பார்த்தும் ஒரே வண்டியில் போவதுதானே ஊர்வலம்? யார் ஜெயித்தது என்றே தெரியாமல் வண்டி ஏறியவர்கள் நாம் மட்டுமாகத்தான் இருக்கும்.

எங்கள் கட்சிக்காரர்கள் என்னை ஏறவே விடவில்லை. "அந்தப் பொம்பளையோட ஒரே வண்டியில உக்காந்துட்டு நம்ம ஆளுங்க மூஞ்சியில எப்படி முழிப்ப?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஃபேதான் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "ஊரே பாத்துக்கிட்டிருக்கு. போய் உக்காருங்க. அரை மணி நேரத்துல உங்க கட்சி ஒண்ணும் கரைஞ்சு போயிடாது" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

நான் இடப்பக்கமாக ஏறினேன், நீ வலப்பக்கமாக. பேசிவைத்ததுபோல் இருவரும் ஜெயித்தவர் இருக்கையில்தான் உட்கார்ந்தோம். எதிரில் தோற்றவர் இருக்கை அனாதையாகக் கிடந்தது. நாம் உட்கார்ந்ததோ ஒன்றரை ஆள் உட்காருகிற இடம், அன்றைக்கு நானே ஒன்றேகால் ஆள் இருந்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, "மிஸ்டர் விங்கேட், முழங்கையை எடுங்க, விலாவுல குத்துது" என்றாய். எதிரில் இடம் சும்மாதானே இருக்கிறது என்றேன். "அது உங்களுக்குன்னு வச்சிருக்காங்க" என்றாய். வண்டியோட்டி திரும்பிப் பார்த்து, "யாராவது ஒருத்தர் எதிர்ப்பக்கம் மாறுங்கப்பா, வண்டி ஒரே பக்கமா இழுக்குது. குதிரை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். இருவருக்கும் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்த அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.

பிறகு நீதிமன்ற மாடியில் நின்று முடிவுகளை வாசித்தார்கள். நீ ஜெயித்திருந்தாய். கௌரவமாக எதிர் இருக்கைக்கு மாறலாம் என்று எழுந்தேன். நீ என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "இப்ப எதுக்கு எந்திரிக்கிறீங்க, நெருக்கம் பழகிப்போச்சு" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் என் தோல்வி பாதி குறைந்துபோனது. பகை தீர்ந்தது என்பதற்கு அடையாளமாக, வழக்கம்போல் கட்சித் தலைவர்கள் கோடரியை மணலில் புதைத்தார்கள். ஃபே வரிசையில் நின்று, சுட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டியை உனக்கும் சேர்த்து வாங்கிவந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் மேசையில் உட்கார்ந்து, ஃபே செய்த கோழிச் சாற்றில் மாவுப் பட்டையை ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டே என் கட்சியைக் கிழித்தாய். நான் உன் கட்சியைக் கிழித்தேன். அவள் இரண்டு பேரையும் சேர்த்துக் கிழித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்டதில்லை.

உன் இக்கட்டு எனக்குப் புரியாமல் இல்லை. தீவிரத் தொண்டர்கள் கைவிட்டால் வேட்பாளர் ஆக முடியாது. நடுவில் நிற்பவர்கள் கைவிட்டால் ஆளுநர் ஆக முடியாது. உட்கட்சித் தேர்தல் நடக்கும் செப்டம்பரில் ஒரு வேடம், அக்டோபரில் ஒரு வேடம். எங்கள் கட்சி மட்டும் என்ன வாழ்கிறது? அடுத்த முறை நான் நின்றபோது இதே படத்தை வீடு வீடாகக் காட்டித்தான் உட்கட்சித் தேர்தலிலேயே என்னைத் தோற்கடித்தார்கள். உன்னிடம் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தியிருப்பாய்.

இந்தச் செப்டம்பரில் உட்கட்சித் தேர்தல் விவாத மேடையில் உன்னை எதிர்த்து நின்ற உன் கட்சிக்காரனே அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, யார் இந்த ஆள் என்று உன்னைக் கேட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்பவோ என்னை எதிர்த்து நின்னவர். எனக்கு அவரை அவ்வளவாத் தெரியாது" என்றாய். கூட்டம் கைதட்டியது. எனக்கு வலித்தது, டார்லீன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. நல்லவேளை, இதைக் கேட்க ஃபே இல்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அவள் இல்லாததில் நிம்மதிப்படும் நிலை வந்துவிட்டதே என்று பிறகு அழுதேன்.

பிரென்டுக்கு என் பதில், முடியாது என்பதுதான். கோபம் இருக்கிறது, ஆனால் கோபத்தால் மறுக்கவில்லை. நான் காமிரா முன் உட்கார்ந்தால் உள்ளதைத்தான் சொல்வேன். பிப்ரவரியில் ஃபே கிடையாய்க் கிடந்தபோது, உன் மேல்சபைக் கூட்டம் முடிந்ததும் தலைநகர் டோவரிலிருந்து நீயே காரோட்டி வந்து, அவளுக்குத் தலை வாரிவிட்டு, பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போனதைச் சொல்வேன். அதைக் கேட்டால் உன்னை நடுவில் நிற்பவர்களுக்குப் பிடிக்கும் என்று அந்தப் பையன் நினைக்கிறான். சொன்ன மறுநிமிடமே செப்டம்பரில் நீ சொன்னது பொய் என்று மாநிலத்துக்கே தெரிந்துவிடும். தொண்டர்கள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள், மற்றவர்களும் நம்பமாட்டார்கள். உனக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னால் ஆகாது. யார் கேட்டாலும் நீ சொன்னதையே நானும் சொல்லிவிடுகிறேன், எனக்கும் உன்னை அவ்வளவாகத் தெரியாது என்று.

ஓட்டு யாருக்கு என்று கேட்காதே. அதை ஃபேயிடமே நான் சொன்னதில்லை.

போனை வைக்கும் முன் பிரென்ட் இன்னொன்றும் சொன்னான். ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த வருடம் நீ ரிட்டர்ன் டேக்கு வரப்போவதில்லையாம். எதிராளியோடு வண்டியில் உட்கார்ந்தால் தொண்டர்கள் பொறுக்கமாட்டார்களாம். வேண்டாம், டார்லீன். விளம்பரத்துக்கு முடியாது என்று சொன்ன நானே உன்னிடம் இதைக் கேட்கிறேன். வந்து வண்டியில் ஏறு. உன்னோடு உட்காரப்போகிறவர் யாரோ எனக்குத் தெரியாது, அவருக்கும் வீட்டில் ஒரு மேசை இருக்கும்.

முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடு. காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் பார்க்கமாட்டார்கள். மாவுப் பட்டை எனக்கு ஃபே அளவுக்கு வராது, கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டுப் போ. அதற்குமேல் எதுவும் நீ பேச வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும்.

உன்னை நன்றாகத் தெரிந்த,
நாரிஸ் விங்கேட்