பன்னிரண்டு நாள் என்று சொன்னேன்

சனிக்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்பு தேறிவிட்டது. தையல் போட்ட இடத்தில் வலி இல்லை, மாடிப்படி ஏறுகிறேன், ஆபீசுக்கும் போய்வருகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வரித்துறைக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னாயே, போன வரி ஆண்டில் நூற்று எண்பது நாள்தான் இங்கே இருந்தேன் என்று, அதில் கையெழுத்துப் போடாதே. அந்தக் கணக்கு பொய். பொய் சொன்னது நான். கடிதம் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று நேற்று செய்தி அனுப்பியது இதற்காகத்தான். "என்னக்கா, ஒரே மர்மமா இருக்கு?" என்று சிரித்துக் கேட்டிருந்தாய்.

போனில் சொல்லலாம் என்று மூன்று முறை எடுத்தேன். நீ எடுத்ததும் "சொல்லு கணக்குப்பிள்ளை" என்பாய். அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு இதை எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு முறையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன் மனைவி படித்தாலும் புரியட்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன். வரி ஆண்டில் பாதிக்கு மேல், அதாவது நூற்று எண்பத்து மூன்று நாளோ அதற்கு மேலோ, நாட்டுக்குள் இருந்தால் அவர் 'வசிப்பவர்'. உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அதற்கு இங்கே வரி உண்டு. ஒரு நாள் குறைந்தாலும் 'வசிக்காதவர்'. இங்கே கிடைக்கும் வருமானத்துக்கு மட்டும் வரி. உனக்கு இங்கே வருவது கீழ் வீட்டு வாடகையில் பாதி. அது வரி இல்லாத வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி வாங்கும் சம்பளத்தை யாரும் தொட மாட்டார்கள். பதினொரு வருடமாக அப்படித்தான் நடந்தது. எங்கள் ஆடிட்டர் ஆபீசில் இதை நீட்டி முழக்குவதில்லை. வசிப்பவர் ஃபைலில் பென்சிலால் 'உள்ளாள்' என்று எழுதுவோம், மற்றவருக்கு 'வெளியாள்'. உன் ஃபைலில் வருடா வருடம் 'வெளியாள்' என்று எழுதியது நான்தான்.

போன வருடம் நீ இரண்டு முறை வந்தாய். பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது தொடங்கும்வரை நூற்றுப்பன்னிரண்டு நாள். பிறகு என் ஆபரேஷனுக்காக ஓடி வந்தாய். உன் டிக்கெட்டுக்கு முதல் நாள் சாயங்காலம், சமையலறையில் நின்று முட்டையைக் கருக்கிக்கொண்டே கேட்டாய்: "அக்கா, நாளைக்கே போகணுமா, இல்ல இன்னும் நாள் பாக்கி இருக்கா? நீ இன்னும் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறத பாத்தா எனக்குப் போகவே மனசில்ல." அன்றைக்கு இரண்டாவது பயணத்தில் அறுபத்தெட்டாவது நாள். மொத்தம் நூற்று எண்பது. பாக்கி இருந்தது இரண்டே நாள். வந்த நாளும் கணக்கு, போகிற நாளும் கணக்கு என்று வருகிறவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாக நான்தான் பாடம் எடுக்கிறேன். எனக்கா தெரியாது? கண்ணை மூடி, விரலை மடக்கி, கணக்குப் போடுகிற மாதிரி நடித்தேன். "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்குடா" என்றேன்.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று பூசி மெழுகலாம். நீயும் நம்பிவிடுவாய். அதனால்தான் அப்படி எழுத மனம் வரவில்லை. தெரிந்தே சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் உன் பெரிய செருப்பு கிடந்தது. குளியலறையில் நீ கத்திக் கத்திப் பாடுவாய், நான் நிறுத்தச் சொல்லிக் கத்துவேன். ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ் என்று இருந்தவளுக்கு அது பழகிப்போயிற்று. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, போகாதே என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. பொய் மட்டும் சரளமாக வந்தது.

நீ டிக்கெட்டை ஒன்பது நாள் தள்ளிப்போட்டாய். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினாய், மின்விசிறியைத் துடைத்தாய், என்னைக் கையைப் பிடித்துத் தெருமுனைவரை நடக்க வைத்தாய். மூன்றாம் நாள் காலையில் நீ டீயை ஆற்றிக் கொடுக்கும்போது எனக்குத் தெரியும், இன்றோடு நீ வெளியாள் இல்லை என்று. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். நீ விமானம் ஏறிய நாளோடு மொத்தம் நூற்றுத் தொண்ணூறு.

அதோடு விட்டேனா? உன் படிவத்தை நிரப்பியதும் நான்தான். நூற்று எண்பது என்று போட்டேன். நான் வைத்த காகிதம் என்றால் ஆடிட்டர் படித்துப் பார்க்க மாட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார். விமான நிலையப் பதிவில் வேறு எண்ணிக்கை இருக்கிறது, விளக்கம் கொடு என்று நோட்டீஸ் வந்ததும், கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்று உனக்குச் சொன்னேன். நீ நேராக ஆடிட்டருக்குப் போன் போட்டாய். "எங்க அக்கா எண்ணினா ஒரு நாள் பிசகாது. ஒரு நோட்டீசுக்குப் பதில் எழுதத் தெரியல, நீங்க எல்லாம் என்ன சார் ஆடிட்டர்?" என்று நீ போட்ட சத்தம் என் மேஜைவரை கேட்டது. அந்த மனிதர் தலைமுடி நரைத்தவர், யாரையும் 'வா, போ' என்றுகூடச் சொல்லாதவர். "சரிங்க, பாக்கிறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நான் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நேற்று அவர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வரி கட்டிடலாம்மா, அது பெரிசில்ல. பொய்னு தெரியாமலே அவரு உறுதிமொழியில கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா அது கேசு. மொதல்ல அதை நிறுத்துங்க. எங்கிட்ட சொன்னத தம்பிகிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்றார். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இனிமேல் உன் ஃபைலைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். அவருக்கு நீ ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்லிவிடு. என்னால் வாங்கிய திட்டு அது.

இத்துடன் திருத்திய படிவம் இருக்கிறது. அவரே நிரப்பியது, அதனால் நம்பலாம். அதில் நீ 'வசிப்பவர்'. நோட்டீசுக்குக் கெடு முடிவதற்குள் இதைக் கொடுத்து வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் வழக்கு வராது. ஆனால் ஒரு வருடச் சம்பளத்தில் பெரிய துண்டு போகும். குழந்தையின் கல்லூரிக்கென்று நீ சேர்த்தது என்று எனக்குத் தெரியும். என் வைப்புநிதியை எடுத்துத் தருகிறேன். கௌரவம் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதே. பணத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. உனக்கும் உன் மனைவிக்கும் நடுவில், குழந்தை முன்னால் என் பேச்சு அடிபடும். அடிபடட்டும். எனக்காக நீ பரிந்து பேச வேண்டாம்.

நீ என்மேல் கோபப்படுவதைவிட, இனிமேல் நான் சொல்லும் எதையும் ஒருமுறை சரிபார்ப்பாயே, அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சரிபார். அப்படித்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கிரேன் மேல் ஏறும்போது கோபத்தோடு ஏறாதே. என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் போனில் திட்டாதே, நேரில் வந்து திட்டு. ஒரே ஒரு நாள் வந்தால் போதும். அதற்கு மேல் இரு என்று கேட்க மாட்டேன்.

உன்
அக்கா