வாசலில் இருந்த பாறை

மே 6, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மந்தைவெளியிலிருந்து அடையாறு ஆபீஸ் போவதற்குள் முதுகெல்லாம் ஈரம். "ஒரு மழ வந்தா போதும் மேடம், இன்னா வெயிலு கீது பாரு" என்றார் ஆட்டோக்காரர். தலையாட்டினேன்.

வேலை: தேனிப் பக்கம் போன மாதம் காட்டுத்தீ பிடித்த மலை. மழை பெய்தால் எந்த ஓடை வழியாகச் சேறும் பாறையும் இறங்கும் என்று கணக்கிடுவது. எரிந்த அளவு, சரிவு, மண், அரை மணி மழை. எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காது, அதுதான் வினை.

தங்கை கலாவுக்கு வடகம் அனுப்ப வேண்டும். அவள் வீடு அந்த மலையடிவாரம்தான். தீ வேலியோடு நின்றுவிட்டது. சாமி புண்ணியம்.

மே 7, புதன்

கணக்கு முடிந்தது. வரைபடத்தில் ஏழாம் ஓடை முழுக்கச் சிவப்பு, அதாவது பெரிய ஆபத்து. அது விரியும் இடத்தில் ஒரே ஒரு கூரை. நீலத் தகரம். அந்த நிறத்தில் போடச் சொன்னதே நான்தான். ஐயோ, கலா வீடு!

கணக்கைத் திரும்பப் போட்டேன். சிவப்புதான். காப்பி ஆறிப்போனது.

போன் போட்டால் சிரிக்கிறாள். "தீயே எங்கள விட்டுட்டுப் போயிடுச்சு, மழை என்னக்கா பண்ணப் போகுது? அது வராதான்னுதான் பாத்துட்டிருக்கோம்."

அறிக்கை திங்கட்கிழமை போகட்டும் என்றார் மேலாளர். மழை உங்க திங்கட்கிழமையைப் பார்த்தா வரும் என்று கத்திவிட்டேன். மாலையே அறிக்கை போனது.

மே 8, வியாழன்

தூக்கமே இல்லை. காலையில் கலாவின் கிரகப்பிரவேச போட்டோவைத் தேடி எடுத்தேன். வாசலில் ஆட்டோ அளவு பாறை. அதன்மேல் நானும் அவளும், காலை ஆட்டிக்கொண்டு. இதே வேலை பார்க்கிறவள் நான், அன்று யோசிக்கவே இல்லை! உடனே போன் போட்டேன்.

"கலா, உன் வாசல் பாறை எப்படி வந்துச்சு?"

"அது எப்பவும் இங்கதான்க்கா இருக்கு."

"சுத்தி வேற பாறையே இல்லையேடி. மலையிலேர்ந்து நடந்தா வந்துச்சு?"

குரைத்த நாயை அதட்டினாள். பிறகு மெதுவாக, "அவர்கிட்ட சொல்றேன்."

இருட்டுவதற்குள் மாடு, நாய், புருஷன் எல்லாரோடும் டவுனில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து மெசேஜ்: மழை வரலைன்னா உன்னை உதைப்பேன்.

மே 10, சனி

மயிலாப்பூர் மாட வீதி. கீரைக்காரம்மா, "இன்னாத்துக்கு இப்டி காயுது இந்த வானம்" என்று திட்டிக்கொண்டிருந்தபோது கலா அழைத்தாள். அங்கே விடியற்காலை மழையாம். அரை மணிகூட இல்லை. இப்போதுதான் வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

"அக்கா, பாறை இப்ப ரெண்டு."

"ரெண்டாவது எங்கடி?"

"நாங்க படுக்கற ரூம்ல."