அடிக்கட்டை விறகு

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கன்னையா அண்ணன் நாளைக்குக் கொழும்புக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் சொன்னபடியே செலவைக் குறைத்துவிட்டேன். தேங்காயில் பாதியை மறுநாளுக்கு வைக்கிறேன். நீங்கள் வாங்கிவைத்த காஸ் சிலிண்டரைத் திறக்கவேயில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே ரப்பர் மரங்களை வெட்டிய மலையில், மிஞ்சிக் கிடந்த அடிக்கட்டைகளை வேரோடு தோண்டி எடுத்து எரிக்கிறேன். நன்றாக நின்று எரியும். என்னைப் பார்த்து லயத்தில் எல்லோரும் தோண்டினார்கள்.

மழை விடவில்லை, மற்ற மலைகளில் ரப்பர் பால் வெட்டும் இல்லை. நேற்றிலிருந்து மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் சேறாக வருகிறது. நம் வீட்டுக் கதவும் மூட வரவில்லை. ஆசாரிக்கு எதற்குக் காசு என்று நானே கத்தியால் சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வந்து பார்த்தார்.

"கதவுல ஒன்னுமில்ல புள்ள, செவருதான் சாஞ்சிருக்கு. மேல மண்ணப் புடிச்சிருந்த வேரையெல்லாம் நாமதானே அடுப்புல வச்சோம்" என்றார்.

கத்தியை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

இருட்டுவதற்குள் லயத்தில் எல்லோரும் கீழே ஸ்கூலுக்குத் தங்கப் போகிறோம். பாப்பா நன்றாக இருக்கிறாள். நீங்கள் இந்த மாதம் வர வேண்டாம், பஸ் காசாவது மிஞ்சும். சொன்னால் கேளுங்கள், வர வேண்டாம்.

சிலிண்டர் நிறைந்தபடியே அடுப்படியில் நிற்கிறது. பாப்பாவைத் தூக்கினால் அதைத் தூக்க முடியாது.

உங்கள்
வீட்டுக்காரி